செரோக்கி பர்ப்பிள் தக்காளி: மூன்று பருவம் வளர்த்தவளின் புலம்பல்

போன வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு தக்காளிப் படம் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் பழைய ஆபீஸ் தோழி கேட்டாள்: "இது தக்காளியா, பரங்கிக்காயா? விதை எங்கே கிடைக்கும், வாங்கலாமா?" "வாங்காதே" என்று ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். மூன்று பருவத்துக் கோபம் ஒரு வரியில் அடங்கவில்லை.

மடிப்பாக்கத்தில் மொட்டை மாடி, 15 இன்ச் குரோ பேக், செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. ரகம் செரோக்கி பர்ப்பிள். 1990ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலிருந்து ஒரு தக்காளிப் பித்தருக்குத் தபாலில் பெயரில்லாமல் வந்த விதை. அவர் பெயர் வைத்துப் பரப்பினார். ஊதா கலந்த மங்கல் சிவப்பில் உடம்பு, காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள். நான் விதைத்தது 2022, 2023, 2024 மழைக்காலங்களை ஒட்டி. மாண்டஸ், மிக்ஜாம், ஃபெஞ்சல் என்று வருஷத்துக்கு ஒரு புயல் வந்து குச்சியோடு செடியைச் சாய்த்துவிட்டுப் போனது. புயலைக்கூட மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அந்த விதைப் பாக்கெட்டின் படம்தான். ஆறு பழம், ஆறும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. கீழே "ஒரு பழம் 300 கிராம்" என்று வேறு. சமையலறைத் தராசில் நான் எடை போட்டு நோட்டில் எழுதிய முதல் செடியின் கணக்கு இது: 312, 190, 88, 240, 61, கடைசியாக 46. இதில் 240ம் 61ம் ஒரே கொத்தில் காய்த்தவை. பக்கத்தில் வைத்தால் பெரியம்மாவும் பேத்தியும்.

எடை வித்தியாசத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வடிவம் இருக்கிறதே! முதல் பழம் சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டியது போல அடியில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, நடுவில் பழுப்புத் தழும்போடு இருந்தது. இரண்டாவது கொஞ்சம் அமுக்கிய இட்லி, அதுதான் இருந்ததிலேயே லட்சணம். மூன்றாவதுக்குத் தோளிலிருந்து அடிவரை ஆபரேஷன் பண்ணித் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு. இன்னொன்றுக்கு மூக்கே இருந்தது. அத்தை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குழம்புல போட்டா மூக்கு தெரியவா போகுது?" என்றார்.

விதை விற்றவரிடம் படத்தோடு புகார் அனுப்பினேன். "இதுதான் இயற்கையின் அழகு மேடம்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு பச்சை இலை. எனக்கு வந்த எரிச்சலில் மிச்ச விதையைக் குப்பையில் போடாமல் விட்டதே பெரிய விஷயம்.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். ஒரே செடியில் பழத்துக்குப் பழம் வடிவம் மாறினால் அதற்கு விதைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் சாப்பிடும் சதை முழுக்கத் தாய்ச்செடியின் உடம்பு. அந்தச் செடியின் எல்லாப் பழத்துக்கும் மரபணு ஒன்றுதான். செடிக்குச் செடி நிறமோ இலையோ மாறினால்தான் விதை கலப்படமா என்று கேட்க வேண்டும். என் ஆறு செடியிலும் இலை, நிறம், பச்சைத் தோள் எல்லாம் ஒன்றாகவே இருந்தன. கோணல்தான் விதவிதமாக இருந்தது.

பழங்களைக் குறுக்கே வெட்டி, உள்ளே விதை இருக்கும் அறைகளை எண்ண ஆரம்பித்தபோதுதான் கொஞ்சம் புத்தி வந்தது. காட்டுத் தக்காளிக்கு இரண்டே அறை. சுண்டைக்காய் அளவிலிருந்த பழத்தை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பெரிதாக்கியபோது, அறைகளின் எண்ணிக்கைக்கு இருந்த கடிவாளமும் தளர்ந்துவிட்டது. அதனால் பெரிய மரபு ரகங்களில் இத்தனை அறைதான் என்ற கணக்கே கிடையாது. என் கத்திக்குக் கிடைத்தவை ஏழு, ஒன்பது, பதினொன்று. பூ மொட்டு குண்டூசித் தலை அளவில் இருக்கும்போதே இது முடிவாகிவிடுகிறது. நான் மீன் அமிலம் என்கிற இயற்கை உரத்தைத் தெளிப்பதும் தெளிக்காததும் அதற்கப்புறம் வருகிற கதை. முதல் கொத்தில் சில சமயம் இரண்டு மூன்று பூ ஒட்டிப் பிறந்தது போல அகலமாக ஒரு பூ வரும், இதழ்கள் பத்துக்கு மேல் இருக்கும். அது காய்த்தால் சுருக்குப்பைதான். அந்த 312 கிராம் அப்படி வந்ததுதான். தையல் கோடு எப்படி வருகிறதென்றால், மகரந்தப் பை பிஞ்சின் தோலில் ஒட்டிக்கொண்டு, பிஞ்சு பெருக்கும்போது இழுபட்டு விடுகிற தழும்பு.

ஒரு பக்கம் மட்டும் அமுங்கிய 88 கிராமை வெட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. உப்பிய பக்கத்து அறைகளில் விதை கொழகொழவென்று நிறைந்திருந்தது. அமுங்கிய பக்கத்தில் இரண்டு அறை ஏறக்குறைய காலி, நாலைந்து விதைதான். மகரந்தம் சேர்ந்தால்தான் விதை பிடிக்கும், விதை பிடித்த பக்கம்தான் சதை வளரும்.

வெளிநாட்டுக் குறிப்புகள் கோணலுக்குக் குளிரைக் காரணம் சொல்கின்றன. நமக்கு மார்கழியில் இரவு 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே ஸ்வெட்டர் வெளியே வந்துவிடும். இங்கே வில்லன் வெயில்தான். பகலில் 32, 33 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். மாசி முடியும்போது என் பழங்கள் சின்னதாகின, பங்குனியில் பூ காம்போடு உதிர்ந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் அரசு 60 ரூபாய்க்கு விற்றதே, அப்போது என் மாடியில் இருந்தது வெறும் பைகள். தக்காளிச் செலவு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது பருவத்திலிருந்து காலை எட்டு மணிவாக்கில் பழைய எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷின் பின்பக்கத்தைப் பூக்கொத்துக் காம்பில் வைத்து இரண்டு விநாடி அதிர விடுகிறேன். தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். கருவண்டு வந்து ரீங்காரமிட்டுச் செய்கிற வேலை அது, என் மாடிக்கு அது வருவது அபூர்வம். ஒருபக்க அமுங்கல் நன்றாகவே குறைந்தது. சுருக்குப்பை குறையவில்லை. எதிர்வீட்டுக்காரர் நான் செடிக்குப் பல் தேய்த்துவிடுகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது பருவத்தில்தான் வேடிக்கை. நானே எடுத்து வைத்த விதையில் முளைத்த ஐந்து செடிகளில் ஒன்று பளிச்சென்று சிவப்பாகப் பழுத்தது. எல்லாம் 60, 70 கிராம், உருண்டை, மூன்று நான்கு அறை, ஒரு தழும்பு இல்லை. பக்கத்துப் பையில் இருந்த பி.கே.எம்.1 (நம் பெரியகுளத்து ரகம்) எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. மரபு ரகங்கள் சிலவற்றில், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கலப்புக்கு அது போதும். மூன்று வருஷமாக நான் கேட்ட "ஒரே மாதிரி" பழம் கடைசியில் கொத்துக் கொத்தாக வந்து நின்றது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாயில் போட்டால் கோயம்பேட்டில் கிடைக்கிற தக்காளி.

ருசி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கோணல் பழத்தை விரல் தடிமனுக்கு நறுக்கி, உப்பு மிளகு தூவி, தட்டில் வழிந்த சாற்றைக் கடைசியில் அப்படியே தூக்கிக் குடிக்க வேண்டும். அதற்கு ஈடாக நான் இதுவரை எந்தத் தக்காளியையும் சாப்பிட்டதில்லை. ரசத்துக்கு மட்டும் வேண்டாம், புளிப்பு போதாது.

அப்புறம் எதற்கு வாங்காதே என்கிறேன் என்று தோழி கேட்பாள். இன்று காலை மாடிக்குப் போனால், இந்தப் பருவத்தில் உருப்படியாக இட்லி வடிவத்தில் வந்த ஒரே பழத்தில் அணில் பாதியைத் தின்று வைத்திருக்கிறது. பக்கத்திலேயே தொங்கிய மூன்று சுருக்குப்பையையும் அது தொடவில்லை. ஆகவே வாங்காதே, அவ்வளவுதான்.

விதை வேண்டுமென்றால் நானே தருகிறேன். செய்தித்தாளில் இரண்டு குவியலாகக் காய்கிறது. ஒன்று 300 கிராமைத் தாண்டிய ஒரு பழத்தினுடையது, இன்னொன்று நெல்லிக்காய் அளவில் வந்த ஒன்றினுடையது. ஒரே செடிதான், விதையில் வித்தியாசம் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவளுக்கு நெல்லிக்காய்க் குவியல்தான்.