மூடிய அறையில் எங்கள் கார்பன் டை ஆக்சைடு மீட்டர்: 14 மாத அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடி அறையை விண்கலமாக நினைத்துக்கொண்டு, லீவு கிடைக்கும்போதெல்லாம் நாங்கள் நான்கு பேர் மூன்று நாள் வெளியே வராமல் உள்ளேயே இருந்து பார்ப்போம். ஹவாயில் மவுனா லோவா மலைமேல் 2015 ஆகஸ்டில் தொடங்கி ஆறு பேர் செவ்வாய்க் கிரகத்தில் இருப்பதுபோல ஒரு வருடம் இப்படி இருந்ததைப் படித்ததிலிருந்து பிடித்த ஆசை. அங்கே போலவே எங்களுக்கும் வெளியே போகும் செய்தி 20 நிமிடம் தாமதம், வரும் பதில் இன்னொரு 20 நிமிடம். கீழ்வீட்டில் இருந்து பதில் போடுவது என் தங்கச்சி.

முழுசாக மூடிய அறை நான்கு பேர் மூச்சுக்கு ஆகாது, ஆபத்து. அதனால் ஒரு கம்ப்யூட்டர் பேன் வெளிக்காற்றை எப்போதும் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அது போதுமா என்று சொல்லத்தான் இந்த மீட்டர். 5 வோல்ட்டில் ஓடும் சின்ன அகச்சிவப்பு சென்சார். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளவு சொல்லும்.

பொங்கல் லீவில்தான் சிக்கல். வெள்ளி சாயங்காலம் கதவை மூடினோம், அன்றிரவே 1,600 பிபிஎம் (அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1,600 பங்கு), சனிக்கிழமையும் அதே அளவில்தான் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் பார்த்தால் 600! கதவை யாரும் திறக்கவில்லை, பேன் வேகத்தையும் மாற்றவில்லை. சென்சார்மேல் ஊதிப் பார்த்தோம், எண் சரசரவென்று ஏறியது, ஆக உயிர் இருக்கிறது. எண்ணை நம்பாமல் முதலில் பேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, கிராபை கீழே அனுப்பினோம். நாற்பது நிமிடம் கழித்து தங்கச்சியிடமிருந்து ஒரே ஒரு கேள்வி: "ணா, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு சுவிட்சு போட்டீங்க?"

மீட்டருக்கு சுவிட்சு போட்டது 7 மணி 10 நிமிடம். கிராபில் கோடு செங்குத்தாக விழுந்ததும் சரியாக 48 மணி நேரம் கழித்து, அதே 7.10-க்கு. காற்று அப்படி ஒரே வெட்டாக மாறாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். இந்த சென்சார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, அந்த 24 மணி நேரத்தில் பார்த்ததிலேயே குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 என்று தானே திருத்திக்கொள்ளும். முதல் நாள் கதவை மூடும்போது இருந்த நல்ல காற்று கணக்கில் இருந்ததால் பிழை தெரியவில்லை. இரண்டாம் நாள் நல்ல காற்றே கிடையாதே, எங்கள் மூச்சையே வெளிக்காற்றாக எடுத்துக்கொண்டது.

தானாகத் திருத்துவதை ஒரு கட்டளை அனுப்பி நிறுத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் கதவை மூடும் முன் மீட்டரை மாடித் திறந்தவெளியில் அரை மணி நேரம் வைத்து, கையால் திருத்துகிறேன். அதற்கப்புறம் அந்தத் தொல்லை வரவே இல்லை.

இன்னொன்று உப்புக்காற்று. காசிமேடு பக்கத்திலேயே இருப்பதால் எட்டாவது மாதத்திலேயே சென்சாருக்கு மின்சாரம் கொடுக்கும் ஜம்பர் வயர் முனை பச்சை பிடித்து, எண் விட்டு விட்டு வந்தது. மல்டிமீட்டர் வைத்தால் சென்சார் காலில் 4.2 வோல்ட்தான். நான் சென்சாரே போச்சு என்று புதிதாக வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டேன். நல்லவேளை, அளந்து பார்த்தேன். வயரை நேராக சால்டர் வைத்ததும் சரி.

படுக்கையறையில் வைக்க வாங்குகிறீர்கள் என்றால் தானியங்கித் திருத்தத்தைத் தொடவே வேண்டாம், தினமும் ஜன்னல் திறப்பீர்கள், அது நன்றாகவே வேலை செய்யும். எங்களைப் போல நாள்கணக்கில் மூடி வைப்பவர்கள் வாங்கிய அன்றைக்கே அதை நிறுத்திவிடுங்கள்.