4.12-க்கு மழை, 4.51-க்கு நிற்கும்: போன் சொல்லும் வானிலையை நம்பிப் பந்தல் போடலாமா?

வேலூரை ஒட்டிய காட்பாடியில் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மண்டபம் கிடைக்காதவர்கள் எல்லாம் வீட்டு வாசலில் பந்தல் கேட்டு வருவார்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாவதும் அதே மாதங்களில்தான். அதனால் போனில் கிடைக்கிற வானிலைச் சேவைகளை நான் வேடிக்கைக்காகப் பார்ப்பதில்லை. புயல் கரையேறி, 'வலுவிழந்துவிட்டது' என்று டிவியில் சொன்ன பிறகு வரும் ஒன்றிரண்டு நாளில் எது எவ்வளவு உருப்படியாகச் சொல்கிறது என்பதற்கான விமர்சனம் இது.

முதலில் போன் வாங்கும்போதே உள்ளே இருந்த செயலி. பெயர் வேண்டாம், நம்மில் பாதிப் பேர் போனில் இதுதான் இருக்கிறது. பார்க்க அழகு. நீல நிறப் பட்டை, அதில் நகரும் மேகம், கீழே 'மழை மாலை 4.12-க்குத் தொடங்கும், 4.51-க்கு நிற்கும், 0.4 மி.மீ.' என்று ஒரு வரி. நான் இருப்பது சித்தூர் பஸ் நிற்கிற இடம் பக்கம், எனக்கு 4.12. பாலத்தைத் தாண்டிப் பழைய பஸ் ஸ்டாண்ட் போனால் 4.16. ரயில்கூட இவ்வளவு கணக்காக வராது.

சென்ற சீசனில் காந்தி நகரில் ஒரு வளைகாப்பு. மாலை ஐந்து மணிக்குமேல் விசேஷம். புயல் முந்தின நாளே கரையைக் கடந்து தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது. காலையில் கம்பு இறக்கும்போதே வீட்டு மாப்பிள்ளை போனை நீட்டினார். பெங்களூரில் வேலை செய்கிறவர், மரியாதையான பையன். "அண்ணா, பாருங்க, 5.26-க்கு மழை நின்னுடும். தகர ஷீட் எதுக்கு? துணியே போதும்ல?" ஷீட்டுக்கு வாடகை கூட, ஆள் கூலியும் கூட, அவர் கேட்டதில் தப்பில்லை. "சார், துணி போட்டா நான் பொறுப்பில்ல" என்று சொல்லி, வாசலுக்கு மட்டும் துணி, உட்காரும் இடத்துக்கும் சமையலுக்கும் ஷீட் என்று பேசி முடித்தேன்.

5.26-க்கு நிற்கவில்லை. அதில்கூட எனக்கு வருத்தமில்லை, மழை யார் பேச்சையும் கேட்காது. ஆனால் ஐந்தரைக்கு அதே செயலியைத் திறந்தால் '6.10-க்கு நிற்கும்' என்றிருந்தது. ஆறேகாலுக்கு '7.05'. முன்னால் சொன்னது எங்கேயும் இல்லை, சுத்தமாகத் துடைத்துவிட்டது. ஒரு மனுஷன் இப்படி முக்கால் மணிக்கொரு பேச்சு பேசினால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். இதற்கு மட்டும் எல்லாரும் தலையாட்டுகிறோம். மழை ஓய்ந்தது எட்டரைக்கு மேல். வாசல் துணியைப் பையன்கள் மூங்கிலால் குத்திக் குத்தித் தூக்கினார்கள்; ஒருமுறை கொட்டிய தண்ணீர் முழுக்க, சீர்த் தட்டோடு நுழைந்த தாய்மாமன் மேல்.

அந்த 0.4 மி.மீ. விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் தொழிலே அதில்தான். 18-க்கு 36 அடி சாமியானா சுமார் 60 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழை பெய்தால் அதன்மேல் 60 லிட்டர் தண்ணீர். பரவலாகத் தூறினால் துணி குடித்து ஓரத்தில் வடித்துவிடும். அதுவே அரை மணியில் 10 மி.மீ. என்றால் 600 லிட்டர், அதாவது 600 கிலோ. துணி நடுவில் தொப்பை போடும், ஓரக் கம்புகள் உள்பக்கம் சாயும், கயிறு கட்டிய முளை ஈர மண்ணில் பிடுங்கிக்கொண்டு வரும். ஆக எனக்கு வேண்டியது 4.12-ஆ 4.20-ஆ என்பதல்ல. தூறலா, கொட்டுமா? அதை முந்தின நாள் மதியமே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷீட் பந்தலுக்குப் பைப் இறக்கவே அரை நாள் ஆகும்.

இந்த நிமிஷக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகனை உட்காரவைத்துக் கேட்டேன். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணினி மாதிரிகள் கணக்குப் போடுகின்றன. பெயர்பெற்ற ஐரோப்பிய மாதிரிக்கே ஒரு கட்டம் ஏறக்குறைய 9 கி.மீ. நம் வானிலைத் துறை 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறைக்கு 6 கி.மீ. அப்படியானால் காட்பாடி ஜங்ஷனும் வேலூர்க் கோட்டையும் ஒரே கட்டத்துக்குள்ளோ பக்கத்துக் கட்டத்திலோதான் விழும். நடுவில் உள்ள இடத்துக்கும் நேரத்துக்கும் செயலி தானாக நிரவி ஒரு எண்ணைப் போட்டுக்கொள்கிறது. 4.12-க்கும் 4.16-க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ரேடாரை வைத்துச் சொல்வதும் உண்டு. மேகம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்த்து, அப்படியே போகும் என்று வைத்து நேரம் சொல்வது. புயல் கட்டுக்கோப்பாகச் சுற்றும்வரை மழைப் பட்டைகள் ஓரளவு வரிசையாக வரும், இந்தக் கணக்கும் ஓடும். வலுவிழந்த பிறகு சுழற்சி குலைந்துவிடுகிறது. மேகம் நின்ற இடத்திலேயே எழும்பி, அங்கேயே கொட்டித் தீர்ந்துவிடும். நகராத மேகத்துக்கு என்ன நேரம் சொல்வது? போதாக்குறைக்குச் சென்னைத் துறைமுக ரேடார் நமக்கு 120 கி.மீ.க்கும் அப்பால். பூமி வளைவதால் அதன் கதிர் வேலூர் வரும்போது தரையிலிருந்து சுமார் 2 கி.மீ. உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. போனில் மழை, ரோட்டில் தூசி என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. புயல், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், தாழ்வு மண்டலம் என்று தரம் பிரிப்பது காற்று வேகத்தை வைத்து மட்டுமே. மணிக்கு 62 கி.மீ.க்குக் குறைந்தால் புயல் என்ற பேர் போய்விடும். மழைக்கு அந்தக் கணக்கு தெரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, நகராமல் நின்றது, மறுநாள் வலுவிழந்தது. அதற்குப் பிறகுதான் திருப்பத்தூரை அடுத்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் போனார்கள். 2021 நவம்பர் 19-இல் வந்ததற்குப் பேர்கூடக் கிடையாது, வெறும் தாழ்வு மண்டலம். பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்ததும் பாலாறு இரு கரை தொட்டு ஓடியதும் அதில்தான். 'வலுவிழந்தது' என்று சொன்னதும் செயலியில் காற்று அம்புக்குறி சிறியதாகி, மேகப் படம் வெளுத்துவிடுகிறது. பார்க்கிறவன் ஷீட் வேண்டாம் என்கிறான்.

அடுத்தது விண்டி, காற்றையும் மழையையும் வரைபடத்தில் காட்டும் செயலி. படம் காட்டுவதில் இதை அடிக்க ஆளில்லை. எனக்குப் பிடித்தது, ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிவது. இரண்டும் வேலூர் மேல் ஒரே மாதிரி மழை காட்டினால் ஓரளவு நம்பலாம். ஒன்று சித்தூர் பக்கமும் மற்றது ஜவ்வாதுமலை பக்கமும் தள்ளிக் காட்டினால், யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

கடைசியாக, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கை. அழகெல்லாம் இல்லை, மொட்டைப் பி.டி.எஃப். "ஓரிரு இடங்களில்" என்று படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அது பட்டும் படாமல் சொல்வது இல்லை, அளவு வைத்துச் சொல்வது: ஓரிரு என்றால் கால் பங்கு இடங்களுக்குள், ஒருசில என்றால் பாதி வரை, அநேக என்றால் முக்கால் வரை. கனமழை என்றால் ஒரு நாளில் 6.5 செ.மீ.க்குக் குறையாது, 20-ஐத் தாண்டினால் அதிகனமழை. 'வேலூரில் ஓரிரு இடங்களில் கனமழை' என்று முந்தின நாள் மதியம் வந்தாலே நான் ஷீட் என்று முடிவு செய்துவிடுவேன். எந்த இடம் என்று அவர்கள் சொல்வதில்லை, சொல்ல முடியாது என்பதால் சொல்வதில்லை. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது இதற்கு நல்லதாகப் போயிற்று. முன்பு அரக்கோணத்திலிருந்து நாட்டறம்பள்ளி வரைக்கும் ஒரே எச்சரிக்கை.

மூன்று மணி நேரத்துக்கு மட்டும் வரும் உடனடி எச்சரிக்கையும் அங்கே உண்டு, பந்தி நடக்கும்போது அதுதான் கைகொடுக்கும். அப்புறம் மறுநாள் காலை 8.30 மணிக் கணக்குப் பட்டியலையும் பாருங்கள். காட்பாடி, மேலாலத்தூர், குடியாத்தம், பொன்னை என்று ஒவ்வொரு ஊர் மழைமானியிலும் எவ்வளவு பதிவானது என்று இருக்கும். சொன்னதையும் பெய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த நீலப் பட்டைச் செயலியில் இந்த வசதி மட்டும் ஏனோ இல்லை.

மார்க் கேட்டால்: நீலப் பட்டைக்கு ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் வெயில் எத்தனை டிகிரி என்பதைச் சரியாகச் சொல்வதற்காக. விண்டிக்கு மூன்றரை. மண்டல மைய அறிக்கைக்கு நாலு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நாலரை.

கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஷீட் வேண்டியவர்கள் முந்தின நாள் பகல் பன்னிரண்டுக்குள் சொல்லிவிடுங்கள். போனைக் காட்டிப் பேரம் பேசினால் டிஸ்கவுன்ட் கிடையாது.