கேரியில் ஃபால் நடை: ஹெம்லாக் பிளஃப்ஸா, ஒயிட் ஓக் கிரீன்வேயா?

வட கரோலினாவின் ராலே பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஃபால் கலர் (இலையுதிர்கால இலை நிறம்) என்றதும் மலைப்பக்கத்து ஆஷ்வில்லுக்கு நாலு மணி நேரம் வண்டி ஓட்டுகிறார்கள். மலையில் அக்டோபரிலேயே இலை கொட்டத் தொடங்கிவிடும். ராலேயை ஒட்டிய கேரி ஊரில் அக்டோபர் கடைசியில்தான் நிறம் ஏறும், நவம்பர் முதல் பத்து நாள் உச்சம். மலையைத் தவறவிட்டவர்கள் கில்டேர் ஃபார்ம் ரோட்டில் உள்ள ஹெம்லாக் பிளஃப்ஸ் இயற்கைக் காப்பகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது.

140 ஏக்கர், எல்லாத் தடமும் சேர்த்தே மூன்று மைல்தான். ஆனால் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரம் இங்கே இயற்கையாக வளர்கிறது; பொதுவாக அதைப் பார்க்க மேற்கே மலைப்பக்கம் போக வேண்டும். ஸ்விஃப்ட் கிரீக் ஓடையின் செங்குத்துக் கரை வடக்கு பார்த்து இருப்பதால் வெயில் நேராக விழாது, மண் ஈரமும் குளிர்ச்சியும் குறையாது. பனியுகத்து மரம் இங்கே தங்கிப் பிழைத்த காரணம் அதுதான். பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில்: ஹெம்லாக் நிறம் மாறாது. எப்போதும் பச்சை. கிளை நுனியைத் திருப்பிப் பாருங்கள், தட்டையான ஊசியிலையின் அடியில் இரண்டு வெள்ளைக் கோடு தெரியும். நிறம் வேண்டுமென்றால் மேட்டில் போகும் செஸ்ட்நட் ஓக் லூப் (சுற்றுத் தடம்), சுமார் 1.2 மைல். ஹிக்கரி பொன் மஞ்சள், மேப்பிள் சிவப்பு, பீச் (beech) மரம் வெளுத்த செம்பு நிற இலையைக் குளிர்காலம் முழுக்க உதிர்க்காமல் வைத்திருக்கும்.

ஓடைக்கரைக்கு இறங்கும் ஸ்விஃப்ட் கிரீக் லூப்பில் படிக்கட்டு அதிகம். ஸ்ட்ரோலர் சரிப்படாது, முட்டி வலிக்காரர்களும் மேலே உள்ள பார்வை மேடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். மழை பெய்த மறுநாள் கீழே போகவே வேண்டாம். பலகை மேல் ஈர இலை படிந்தால் ஷூ நிற்காது. காய்ந்த இலை வேறு வகைத் தொல்லை: வேரும் கல்லும் அடியில் மறைந்துவிடும், இடறி விழுபவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள்.

சைக்கிள், ஸ்ட்ரோலர் என்று சக்கரத்தோடு வருபவர்களுக்கு ஒயிட் ஓக் கிரீக் கிரீன்வே என்ற நடை, சைக்கிள் பாதை. பாண்ட் பார்க்கில் வண்டியை விட்டால், தாரும் மரப்பாலமுமாகச் சுமார் 7 மைல் போய் அமெரிக்கன் டொபேக்கோ டிரெயிலில் சேரும். சதுப்பு நிலத்தின் மேல் போகும் பாலங்கள்தான் இதன் அழகு. மற்றபடி நடுநடுவே வீட்டுக் கொல்லைகளும் ரோட்டுச் சத்தமும் உண்டு, காடு என்று நினைத்து வரக் கூடாது. சைக்கிளில் வந்தால் பிரேக்கைப் பாலத்துக்கு முன்பே பிடியுங்கள், பலகை மேல் அல்ல. டொபேக்கோ டிரெயில் பழைய ரயில் பாதை, ஏற்றமே தெரியாது.

குளிர் வந்தால் உண்ணி இருக்காது என்பது தப்புக்கணக்கு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியில் வளர்ந்தவை அக்டோபர், நவம்பரில்தான் அதிகம் திரியும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். கடித்திருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் சூரியன் ஐந்தேகாலுக்கே மறைந்துவிடும். ஹெம்லாக் பிளஃப்ஸை அதோடு மூடிவிடுவார்கள். மூன்றரைக்கு மேல் கிளம்பினால் மேட்டு லூப் மட்டும் போதும்.