கனடாவிலிருந்து வந்த பாஸ் சாமானும் யாழ்ப்பாணத்துக் கொடுவாவும்

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானுக்கு, அங்கே ஏரிகளில் பிடிக்கும் பெருவாய்ப் பாஸ் என்ற நன்னீர் மீன் என்றால் உயிர். ஊருக்கு வரும்போதெல்லாம் அவருடைய பெட்டியில் எனக்கென்று லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை), கொழுக்கி, நூல் என்று ஏதாவது இருக்கும். நம் பரவைக்கடலில் பாஸ் இல்லை, கொடுவாதான் இருக்கிறது. அந்தப் பாஸ் சாமான்களைத்தான் பல வருடமாகப் பண்ணைப் பாலம், அராலி, தொண்டைமானாறு என்று கொடுவாவுக்குப் போட்டு வருகிறேன். வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலம் இதே சாமான் இப்போது இங்கே பலர் கைக்கு வந்துவிட்டது. எது நின்றுபிடிக்கிறது, எதை மாற்றிக் கட்ட வேண்டும் என்பதை அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லூர் அப்படியே இருக்கலாம். அதில் தொங்கும் கொழுக்கி, அதைப் பிடித்திருக்கும் வளையம், நூலுக்கு முன்னால் கட்டும் தடித்த துண்டான லீடர், இந்த மூன்றையும் மாற்றாமல் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பாஸுக்கும் கொடுவாவுக்கும் உறவுமுறை எதுவும் இல்லை, இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனால் வேட்டையாடும் முறை ஒன்றுதான். இரண்டும் மறைவில் கிடந்து, பக்கத்தில் வரும் இரையைப் பெரிய வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி எடுக்கும். அதனால்தான் பாஸுக்குச் செய்த லூர் கொடுவாவையும் ஏமாற்றுகிறது. வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. பாஸின் உலக சாதனை 1932 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் மீன். 2009 இல் ஜப்பானில் பிடித்த ஒன்று அதைச் சமன் செய்தது. அவ்வளவுதான் பாஸின் உச்சம். கொடுவாவுக்கு அந்த நிறை பெரிய விஷயமே இல்லை. அதோடு, கொழுக்கி பட்டதும் தூணையும் கண்டல் வேரையும் நோக்கித்தான் ஓடும், பிறகு தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறும்.

அராலியில், வழுக்கையாறு கடலில் சேரும் பக்கம், ஒரு மாரி காலத்து மாலையில் நல்ல மீன் ஒன்று அடித்தது. இரண்டு தரம் பாய்ந்தது, மூன்றாம் தரம் நூல் தளர்ந்துவிட்டது. லூரை இழுத்து எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்து மூன்று முனைக் கொழுக்கியில் இரண்டு முனை வளைவே இல்லாமல் ஆணிபோல நிமிர்ந்து நின்றது. வளையம் முட்டை வடிவத்துக்கு இழுபட்டு, அதன் இரண்டு சுற்றுக்கும் இடையில் நகம் நுழையும் அளவு இடைவெளி. லூரில் ஒரு கீறல்கூட இல்லை. நன்னீர் ஏரிக்கென்று கட்டிய மெல்லிய கம்பி, அதற்குமேல் தாங்காது. துருவும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் நனைந்து பெட்டிக்குள் போன பாஸ் கொழுக்கி இரண்டொரு நாளில் சிவந்துவிடும்.

ஆகவே கடல் தண்ணீருக்கென்று பூச்சுப் பூசிய, கம்பி தடித்த கொழுக்கியாக மாற்றுங்கள். ஓனர், விஎம்சி இரண்டும் போட்டிருக்கிறேன், இரண்டும் நல்லவை. அட்டையில் 2எக்ஸ், 3எக்ஸ், 4எக்ஸ் என்று கம்பியின் தடிப்புப் போட்டிருக்கும். 10 சென்ரிமீற்றர் லூருக்கு 4எக்ஸ் அதிகம், லூர் தலை தொங்கி ஆட்டமே இல்லாமல் வரும். 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் போதும். எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். அதனால் மீன் தப்புவது கூடியதாக எனக்குத் தெரியவில்லை. கையில் ஏறினால் கழற்றுவது மட்டும் எத்தனையோ சுகம்.

லீடர் விஷயத்துக்கு வருவோம். கொடுவாவுக்குச் சீலாவைப்போல வெட்டும் பல் இல்லை. உதட்டுக்கு உள்ளே அரத் தாள் மாதிரிச் சொரசொரப்பு, செவுள் மூடியின் ஓரத்தில் பிளேட் மாதிரிக் கூர். மெல்லிய நூல் அந்தச் சொரசொரப்பில் தேய்ந்து போகும், இல்லையென்றால் தலை உதறும்போது செவுளில் அறுபடும். மச்சான் அனுப்பும் 12 இறாத்தல் தாங்கும் நூல் இதற்கு முகம் கொடுக்காது. நான் 30 இறாத்தல் பின்னல் நூலுக்கு முன்னால், ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த அளவு) நீளத்துக்கு 40 இறாத்தல் புளோரோகார்பன் நூல் கட்டுகிறேன். தூணடியில் மட்டியும் சிப்பியும் ஒட்டிக் கிடக்கும் பாலமென்றால் 60. இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு. கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும், ஆனால் மெல்லியதாக இருப்பதால் றொட் வளையங்களில் தட்டாமல் ஓடும். லூர்ப் பக்கம் இறுக்கிக் கட்டாமல் சிறு கண்ணி விட்டுக் கட்டுங்கள், லூர் தன்பாட்டுக்கு ஆடட்டும். புளோரோகார்பன் விலை கட்டுப்படியாகாவிட்டால் நல்ல தடித்த தங்கூசியும் வேலை செய்யும். கலங்கல் தண்ணீரில் மீன் இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சீலா கூட்டமாக வரும் நாளில் எதைக் கட்டினாலும் அறுக்கும். இரும்புக் கம்பி கட்டினால் லூரின் ஆட்டம் போய்விடும், அதனால் நான் கட்டுவதில்லை.

இனி, நான் அதிக காலம் மினக்கெட்டுக் கண்டுகொண்ட விஷயம். இழுப்பதை நிறுத்தினால் மேலே வராமலும் கீழே போகாமலும் அதே ஆழத்தில் நிற்கும் லூர்கள் இருக்கின்றன. சஸ்பென்டிங் என்று பெட்டியில் போட்டிருக்கும். ரபாலாவின் எக்ஸ்-ராப் அந்த வகை, 10 சென்ரிமீற்றர், 13 கிராம். கொடுவா பெரும்பாலும் அடிப்பது லூர் அசையாமல் நிற்கும் அந்த ஒரு நொடியில்தான். அதனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றாக வேண்டும். ஆனால் அந்த நிறையை நன்னீரில் நிற்கும்படி அளந்திருக்கிறார்கள். கடல் தண்ணீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை அளவு பாரம் கூடியது. கணக்குப் போட்டால் 13 கிராம் லூரைக் கடல் தண்ணீர் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக மேலே தூக்கும். அது போதும், லூர் நிற்காமல் மெதுவாக மிதந்து ஏறிவிடும்.

நம் பரவைக்கடலில் இது இன்னும் சிக்கல். மார்கழியில் மழை வெள்ளம் இறங்கினால் தொண்டைமானாற்றுத் தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும். ஆடி, ஆவணி வெயிலில் ஆழம் குறைந்த தண்ணீர் வற்றி, சில இடங்களில் கடலைவிட உப்பேறிவிடும். ஆனையிறவில் உப்பு விளைவதும் அந்த வெயிலில்தான். ஆக, ஒரே லூர் மார்கழியில் அசையாமல் நிற்கும், ஆவணியில் தக்கைபோல மேலே வரும். லூர் பழுது என்று தூக்கி எறிய வேண்டாம். வானொலி திருத்துபவர்கள் பாவிக்கும் ஈயக் கம்பி கொஞ்சம் வாங்கி, முன் கொழுக்கியின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். எறியப்போகும் இடத்துத் தண்ணீரையே வாளியில் அள்ளி, லூரை அதில் விட்டுப் பாருங்கள். ஏறினால் இன்னொரு சுற்று, தாழ்ந்தால் கொஞ்சம் வெட்டி எடுங்கள். தடித்த கொழுக்கியாக மாற்றும்போது கூடும் பாரமும் இதே கணக்கில் சேரும். பல நேரம் கொழுக்கி மாற்றியதே போதுமாக இருந்து, ஈயம் தேவைப்படுவதில்லை.

ஆழமும் முக்கியம். களப்பில் பெரும்பாலான இடம் இடுப்பளவு, நெஞ்சளவுதான். நீளச் சொண்டு வைத்த, ஆழம் போகும் லூர்கள் இங்கே சேற்றை உழுதுகொண்டு சாதாளை என்ற கடற்புல்லை அள்ளி வரும். மச்சான் தந்தவற்றில் அப்படியானவை பெட்டியிலேயே கிடக்கின்றன. சொண்டு சிறியதை எடுங்கள், ஓட விடும்போது றொட் நுனியைத் தூக்கிப் பிடியுங்கள்.

சாதாளை அடர்ந்த இடத்துக்கு ரப்பர் மீன்கள்தான் வழி. பாஸ்காரர் புழு மாட்டும் வளைந்த கொழுக்கி, கொடுவாவுக்கு அப்படியே பொருந்துகிறது. 4 அங்குல ரப்பர் மீனுக்கு 5/0 அளவு. முனையை முதுகால் வெளியே எடுத்து, பிறகு முதுகுத் தோலுக்குள் சற்றே குத்தி மறைத்துவிட வேண்டும். புல்லில் மாட்டாது, மீன் கடித்து நசுக்கும்போது வெளியே வரும். வெளியான இடமென்றால் கால் அவுன்ஸ் ஈயத்தலைக் கொழுக்கி போதும். கரைச்சல் கொடுப்பது பேத்தை மீன். சுற்றிவந்து வாலை வட்டமாகக் கடித்துக்கொண்டு போய்விடும், நமக்குக் கடி விழுந்ததே தெரியாது. இஸட்-மேன் என்ற அமெரிக்கக் கம்பனியின் ரப்பர் மீன்கள் இழுத்தால் நீளும் சாமானில் செய்தவை, பேத்தைக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. மிதக்கும் தன்மையும் உண்டு, ஓய்வில் வால் சாதாளைக்கு மேலே எழும்பி நிற்கும். ஒன்று கவனம். அதை மற்ற ரப்பர் மீன்களோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். நம் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இன்னும் கெதியாக நடக்கும். வந்த பையிலேயே வைத்திருங்கள்.

நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் கதைக்கலாம். எனக்கு மூன்று போதும். கலங்கலுக்குப் பொன் நிறம், தெளிவுக்குத் திரளிக் குஞ்சின் வெள்ளி, இரவுக்குக் கறுப்பு.

றொட், றீல் பக்கம் மச்சானோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அவர் பாவிப்பது, விரலால் சுருளை அழுத்தி எறியும் பேட்காஸ்டர். ஏரியில் படகில் இருந்து எறிய அருமையான சாமான். பண்ணையில் சோளகம் முகத்துக்கு நேரே அடிக்கும்போது இலேசான லூரை அதில் எறிந்தால் நூல் சிக்கிக் கூடு கட்டும். 4000 அளவு சாதாரண ஸ்பின்னிங் றீலும் ஏழரை அடி றொட்டும் பாலத்துக்குத் தோதானவை. நீளம் இருந்தால் மீனைத் தூணிலிருந்து விலக்கிக் கொண்டுவரலாம்.

கழுவுவதில் சோம்பல் கூடாது. மீன் இழுக்கும்போது றீல் நூல் விடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டிராக்கை இறுக்கி மூடிவிட்டு, மெல்ல நன்னீர் ஊற்றிக் கழுவி, பிறகு தளர்த்திக் காய விட வேண்டும். கிணறு சவர் என்றால் அதில் கழுவிப் பிரயோசனமில்லை, பீலியில் பிடித்த மழைத் தண்ணீரில் துடையுங்கள். ஈரமான லூர் ஒன்று பெட்டிக்குள் போனால் முழுப் பெட்டியும் துருப்பிடிக்கும்.

எந்த லூரும் நேரம் தெரியாமல் எறிந்தால் வீண். நம் கடலில் வத்தும் பெருக்கும் ஒரு மீற்றர்கூட வராது, ஆனால் பாலத்தின் கீழ் ஒடுங்கி ஓடும்போது அந்தச் சிறு ஓட்டமே மீனைக் கூட்டிவிடும். குருநகரில் வலை படுக்கும் அண்ணை ஒருவர் சொன்னதை இன்றும் பின்பற்றுகிறேன். "தம்பி, தண்ணி நிக்கேக்க எறிஞ்சு பிரயோசனமில்லை. வத்து ஓடத் தொடங்கினாப் பிறகு தூணுக்குப் பின்பக்கம் எறி. அவன் அங்கதான் கிடப்பான்." ஓட்டம் தூணில் பட்டுச் சுழியும் அந்த மறைவில் கொடுவா சிரமமில்லாமல் நின்றுகொள்ளும், இரை தானாகவே வரும். லூரையும் அந்த ஓட்டத்தோடு வர விடுங்கள், எதிராக இழுக்காதீர்கள்.

அந்த அண்ணை போன்றவர்களுக்காக ஒரு வேண்டுகோள். பண்ணைப் பக்கம், கடலில் நட்டு வலை கட்டும் களங்கண்டித் தடிகள் வரிசையாக நிற்கும். அதன் நிழலில் மீன் இருக்கும்தான், அதற்காக அங்கே எறியாதீர்கள். மூன்று முனைக் கொழுக்கி வலையில் ஏறினால் கிழியாமல் எடுப்பது பெரும் பாடு, ஒரு கண் அறுந்தாலும் அது ஒரு குடும்பத்தின் உழைப்பு. தற்செயலாக மாட்டினால் வலையை வெட்டாமல் நம் நூலை வெட்டிவிட்டு, வலைக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நான் சொன்ன நேரங்களில் அவர்களே லூரைக் கழற்றிக் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள்.

மீனைப் பற்றியும் ஒன்று. கொடுவா சிறியதில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகப் பெரியதெல்லாம் முட்டை போடுபவை. வீட்டுக் கறிக்கு நடுத்தரம் போதும், கூழுக்குத் தலை வேண்டுமென்றாலும் அதுவே தாராளம். ஆகப் பெரியதையும் குஞ்சையும் விட்டுவிடுகிறேன். தூக்கும்போது செவுளுக்குள் கை விடாதீர்கள், அந்த ஓரம் விரலை ஆழமாக வெட்டும்.

2022 இல் டொலர் ஏறிய பிறகு இங்கே லூர் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வருபவர் என்ன வேண்டும் என்று கேட்டால் லூர் கேட்காதீர்கள். இருக்கிற லூரே காணும். கடல் கொழுக்கி ஒரு பெட்டி, தடித்த வளையம் ஒரு பை, 40 இறாத்தல் லீடர் ஒரு சுருள் என்று கேளுங்கள், பாரமும் இல்லை. தவளை லூர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கொடுவாவுக்கு அது எனக்குக் கைகொடுக்கவில்லை, ஆனால் கிளிநொச்சிப் பக்கக் குளங்களில் தாமரை இலைக்கு மேலே இழுத்தால் விரால் விடாது.

இந்த மாரிக்கு நான் மச்சானிடம் கேட்டிருப்பது ஒற்றை முனைக் கொழுக்கிகள். மூன்று முனையைக் கழற்றிவிட்டு, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். சாதாளையிலும் வலையிலும் மாட்டுவது குறையும், விடும் மீனுக்குக் காயமும் குறையும். பாரம் குறைவதால் லூர் மறுபடியும் மிதக்கும், அதற்கு எத்தனை சுற்று ஈயம் வேண்டுமென்று வாளியில்தான் பார்க்க வேண்டும்.