சர்க்கரையும் இதய நோயும் உள்ள முதிய பூனைக்கு இரண்டு வார சென்சார்: பயன்படுத்தியபின் ஒரு மதிப்பீடு

மனிதர்கள் மேற்கையில் ஒட்டிக்கொள்வதற்காக விற்கப்படும், 14 நாள் வரை சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரை, சர்க்கரை நோயோடு இதய நோயும் உள்ள வயதான பூனைக்கு வாங்குவது தகுமா என்பதைப் பற்றிய மதிப்பீடு இது. எங்கள் வீட்டுக் கிட்டுவுக்கு வயது 13. இதயத் தசை தடித்துப்போயிருப்பதாக எக்கோ என்னும் இதய ஸ்கேனில் தெரிந்த பிறகு சர்க்கரை நோயும் வந்து சேர்ந்தது; இப்போது காலையும் மாலையும் கிளார்ஜின் இன்சுலின், அதோடு நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடும் ரத்தக்கட்டியைத் தடுக்கும் குளோபிடோக்ரெலும் கொடுத்து வருகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்சுலின் தொடங்கும்போதும் அதன் அளவை மாற்றும்போதும் இந்தச் சென்சாரைத் தயங்காமல் வாங்கலாம். மாதந்தோறும் வாங்கத் தேவையில்லை. சர்க்கரை நோய் மட்டும் உள்ள பூனையைவிட, இதயமும் பலவீனமாக உள்ள பூனைக்கே இது பெரிதும் உதவுகிறது.

பூனைக்குப் பயமும் பதற்றமும் வந்தால் ரத்தச் சர்க்கரை தானாகவே ஏறும்; நோயில்லாத பூனைக்குக் கூட டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டுவதுண்டு. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, பெரியமேட்டு நெரிசலைக் கடந்து வேப்பேரிக்குக் கொண்டுபோய், நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருக்க வைத்து எடுக்கும் ரத்தத்தில் அன்றைய பயணத்தின் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கும். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருப்பது இந்த நகரத்துக்குப் பெரிய பேறுதான். ஆனால் தாம்பரத்திலிருந்தோ சோழிங்கநல்லூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு அந்தத் தூரம் தூரமே. தடித்த இதயம் வேகமாகத் துடிக்க நேர்ந்தால், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் ரத்தம் நிரம்பப் போதிய நேரம் கிடைக்காது. ஆகவே பயணத்தின் பதற்றம் இத்தகைய பூனைக்கு ஆபத்தாகவே முடியலாம். சர்க்கரை பார்ப்பதற்காக மட்டுமே செய்ய வேண்டியிருந்த பயணங்களை இந்தச் சென்சார் பெருமளவு குறைத்துவிட்டது. இதற்காகவே நான் இதற்கு முதல் மதிப்பெண் தருவேன்.

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு வட்டத்தின் அடியில் மெல்லிய இழை ஒன்று இருக்கிறது. அது தோலுக்கடியில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஆழத்தில் அமர்ந்து, ரத்தத்தில் அல்லாமல் திசுக்களுக்கிடையே உள்ள நீரில் சர்க்கரையை அளக்கிறது. அளவைப் படித்துக் காட்டும் சிறு கருவியான ரீடரை அருகில் கொண்டுசென்றால், அந்த நேரத்து அளவும் அதற்கு முந்தைய 8 மணி நேரத்தின் வரைகோடும் கிடைக்கும். எட்டு மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது ரீடரைக் காட்டாவிட்டால் இடையிலுள்ள பதிவு அழிந்துபோகும் என்பதை வேலைக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். 40-க்குக் கீழேயும் 500-க்கு மேலேயும் எண் காட்டாது. குறைவு, அதிகம் என்று மட்டுமே சொல்லும். நான் பயன்படுத்திய வகையில் அபாய ஒலியும் கிடையாது. இது மனிதருக்கான பொருள் என்பதால் பூனையைப் பற்றி அதன் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. ஒட்டுவதையும் அளவுகளைப் படிப்பதையும் கால்நடை மருத்துவரின் வழிகாட்டலோடுதான் தொடங்க வேண்டும்.

ஒட்டும் வேலையை எங்கள் மருத்துவர் வீட்டுக்கே வந்து செய்தார். கழுத்தின் பின்புறம், தோள்களுக்குச் சற்று முன்னால் முடியை மழித்து, ஸ்பிரிட் கொண்டு துடைத்து, ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். விளிம்பில் தோலுக்கான பசையை ஓரிரு துளி வைத்தால் பிடிமானம் கூடுகிறது. பூனையை அழுத்திப் பிடிக்கவே கூடாது. இதய நோயுள்ள பூனை திமிறினால் உடனே விட்டுவிட்டு, மூச்சு சீரான பிறகு மறுபடி முயல வேண்டும். சென்சாரைக் காக்கிறேன் என்று சிலர் மார்பைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டுகிறார்கள். மூச்சுக்கே சிரமப்படக்கூடிய விலங்குக்கு இதைச் செய்வது எனக்குச் சற்றும் சரியாகப் படவில்லை. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் பிடிமானம் விரைவில் தளர்ந்துவிடுகிறது. 14 நாளும் நிற்கும் என்று நம்பிப் பணம் போடக் கூடாது, ஒரு வாரம் நின்றாலே இன்சுலின் அளவைத் தீர்மானிக்கத் தேவையான தகவல் கிடைத்துவிடும்.

அந்த ஒரு வாரம் காட்டிய செய்தியில் மிக முக்கியமானது விடியற்காலைச் சரிவு. மருத்துவமனையில் பகலில் மட்டுமே பார்த்த அளவுகளை வைத்து இன்சுலினைக் கூட்டலாம் என்று தோன்றிய கட்டத்தில், பின்னிரவில் சர்க்கரை 70-க்கு அருகே இறங்குவதை வரைகோடு காட்டியது. பகலின் உயர்ந்த அளவை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால், வீடு முழுதும் உறங்கும் நேரத்தில் அது மேலும் சரிந்திருக்கும். சர்க்கரை மிகவும் தாழும்போது உடல் அட்ரினலினைச் சுரந்து அதை மீட்கப் பார்க்கும். அந்த அட்ரினலினே இதயத்தை விரட்டும். ஆகவே இத்தகைய பூனைக்குச் சிறிது உயர்ந்த சர்க்கரையைப் பொறுத்துக்கொள்ளலாம், தாழ்ந்த சர்க்கரையைப் பொறுக்கவே முடியாது என்பது எங்கள் மருத்துவரின் நிலை. 100-க்கும் 300-க்கும் இடையே பெரும்பாலான நேரம் இருந்தால் போதும் என்று அவர் வகுத்த எல்லையை, சென்சார் இல்லாமல் நாங்கள் பின்பற்றியிருக்க முடியாது.

இதன் குறைகளில் முதன்மையானது, இதய மருந்தோடு தொடர்புடையது என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபுரோசமைட் உடலிலுள்ள நீரை வெளியேற்றும். கட்டுக்குள் வராத சர்க்கரையும் அதையே செய்யும். உடலில் நீர் மிகவும் வற்றினால் இவ்வகைச் சென்சார் உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டக்கூடும் என்று மனிதருக்கான கையேடே எச்சரிக்கிறது. பூனை சென்சாரின் மீதே சாய்ந்து படுத்தாலும் பொய்யான தாழ்வு தோன்றும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் திசுநீர் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே வரும். ஆஸ்பிரினும் சில சென்சார்களின் அளவைச் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதால், ரத்தக்கட்டியைத் தடுக்க அதைக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். எனவே பூனையின் நடத்தைக்குப் பொருந்தாத எண் எது வந்தாலும், காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் பார்ப்பதே முறை. மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனையின் ரத்தத்தில் பொதுவாகக் குறைத்தே காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்சார் வந்துவிட்டது என்று குளுக்கோமீட்டரைத் தூக்கி வைத்துவிடலாம் என நினைப்பவர்களுக்கு இந்தப் பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உறங்கும் பூனையின் மீது ரீடரைக் காட்டும்போதே மூச்சையும் எண்ணிவிடலாம் என்பது நாங்கள் தெரிந்துகொண்ட பெரிய வசதி. உறக்கத்தில் நிமிடத்துக்கு 30 மூச்சுக்குள் இருக்க வேண்டும். மறுபடி எண்ணிப் பார்த்தும் தொடர்ந்து அதைத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம் என்று மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரே நோட்டில் சர்க்கரையும் மூச்சும் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தால், எந்த நோய் முன்னேறுகிறது என்பது மருத்துவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

பின்கால்கள் தடுமாறும்போது ரீடர் எவ்வளவு உதவும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை தாழ்ந்தாலும் தடுமாறும். நெடுநாள் சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் பூனை குதிகாலை ஊன்றி நடக்கும். இதயத்தில் உருவான ரத்தக்கட்டி பெருந்தமனியில் சிக்கினாலும் பின்கால்கள் விழுந்துவிடும். எண் தாழ்ந்திருந்தால் ஈறில் தேனையோ சர்க்கரைப் பாகையோ தடவிக்கொண்டே மருத்துவரைத் தொடர்புகொள்ளலாம். எண் சரியாக இருக்க, கால்கள் திடீரெனச் சில்லிட்டு, பாதங்கள் வெளிறியோ நீலம் பாய்ந்தோ, பூனை வலியால் கத்தினால், ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இன்சுலினை முறையாகக் கூட்டியும் வரைகோடு உயரத்திலேயே நின்றால், அதுவும் மதிப்புள்ள தகவலே. வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் நோய் பூனையில் சர்க்கரையையும் உண்டாக்கும், இதயத் தசையையும் தடிக்க வைக்கும். பிரிட்டனில் 1,200-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோய்ப் பூனைகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குப் பூனைகளிடம் அந்த நோயைக் குறிக்கும் அளவுகள் காணப்பட்டன. இரண்டு நோயும் சேர்ந்துள்ள பூனை வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். சென்சார் விற்கும் மருந்துக் கடையிலேயே சிரிஞ்சும் வாங்குவோம். நம் ஊர்க் கடைகளில் சிவப்பு மூடியுள்ள யு-40 சிரிஞ்சும் ஆரஞ்சு மூடியுள்ள யு-100 சிரிஞ்சும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். மில்லிலிட்டருக்கு எத்தனை யூனிட் என்பதையே அந்த எண் குறிக்கிறது. கிளார்ஜின் பொதுவாக யு-100. அதை யு-40 சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு யூனிட்டில் வாழும் பூனைக்கு இது உயிருக்கே உலை வைக்கும். வெயில் காலத்தில் கூரியரில் வரவழைப்பதைவிட, குளிர்ந்த அறையில் வைத்திருக்கும் கடையில் நேரில் வாங்கி, பெட்டியில் அச்சிட்ட வெப்ப வரம்பையும் காலாவதித் தேதியையும் பார்ப்பது நல்லது. விலை ஆயிரக்கணக்கில் வருவதால், கட்டுப்பாடாக இருக்கும் மாதங்களில் காதுச் சொட்டே போதுமானது.

எக்ஸ்-ரே எடுக்கும்போது சென்சார் உடலில் இருக்கக் கூடாது என்று கையேடு சொல்கிறது. நுரையீரலில் நீர் இருக்கிறதா என்று பார்க்க மார்பு எக்ஸ்-ரே திட்டமிட்டிருந்தால், அதை முடித்துக்கொண்டு சென்சாரை ஒட்டினால் பணம் வீணாகாது. மூச்சுத் திணறலில் அவசரமாக எடுக்க நேர்ந்தால் சென்சாரைப் பற்றி யோசிக்காமல் கழற்றிவிட வேண்டும். கழற்றும் முன் விளிம்பில் தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டால் தோல் உரியாமல் வரும். அடுத்ததை அதே இடத்தில் ஒட்டாமல் கழுத்தின் மறுபக்கத்தில் ஒட்ட வேண்டும்.