வீட்டுக்கு வரும் சர்க்கரை நோய்ச் செவிலியர்: செல்லூரிலிருந்து ஒரு மதிப்புரை

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் உள்ள எந்த வீட்டுக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் சொல்வேன். ஒரு வருகைக்கு 350 ரூபாய். எங்களைப் போன்ற தறிக்கார வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போயும் இறங்காத என் மாமியாரின் சர்க்கரை, இந்த சிஸ்டர் வந்த பிறகுதான் கட்டுக்குள் வந்தது.

வந்தவர் முதலில் சீட்டைக் கேட்கவில்லை. "தினமும் போடுவதுபோல எனக்கு முன்னால் போட்டுக் காட்டுங்கள் அம்மா" என்றார். அத்தை சிரிஞ்சை எடுத்ததுமே தடுத்துவிட்டார். அத்தையின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு வேண்டும். மருந்துக்கடையில் கொடுத்திருந்ததோ 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் 30 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 12 யூனிட்தான்.

இதைவிட நான் மதிப்பது அடுத்து அவர் செய்ததை. சிரிஞ்சை உடனே மாற்றச் சொல்லவில்லை. குறைவாகப் போய்க்கொண்டிருந்த மருந்தை வைத்துத்தான் 30 வரை ஏற்றியிருக்கிறார்கள். சரியான சிரிஞ்சில் அந்த 30ஐ அப்படியே போட்டால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து ஆளே மயங்கிவிடலாம் என்று விளக்கினார். அங்கிருந்தே மருத்துவருக்குப் போன் செய்து புதிய அளவை எழுதி வாங்கிய பிறகுதான் ஊசி போட விட்டார். சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று அத்தையையே திரும்பச் சொல்ல வைத்தார். வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போயிருந்ததையும் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். அந்தத் தடிப்பில் போட்டால் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராதாம்.

பிறகு பாதம். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். வலது பெருவிரலில் தொட்டது அத்தைக்குத் தெரியவே இல்லை. அத்தை ஒவ்வொரு சித்திரையிலும் அழகரின் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் வரை வெறுங்காலோடு நடப்பவர். உணர்ச்சி குறைந்த காலுக்குக் கொதிக்கும் தார்ச்சாலை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிஸ்டர் வேண்டுதலைக் குறை சொல்லவில்லை. "வெயில் தாழ்ந்தபின் செருப்போடு போங்கள், அழகர் முன்னால் மட்டும் கழற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள்" என்றார். யார் சொல்லியும் கேட்காத அத்தை அதற்குத் தலையாட்டினார்.

குறையும் உண்டு. என் கணவருக்கு இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 6.1 சதவீதம். 5.7 முதல் 6.4 வரை என்றால் நோயின் வாசலில் நிற்கிறார் என்று பொருள். அவருக்கு இவர்கள் கொடுத்தது ஓர் அச்சடித்த தாள் மட்டும். அதில் ஓட்ஸ், சாலட், நீச்சல். இரவு பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் தறிக்குப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்? இந்த நிலையில் இருப்பவர்களை வைத்துச் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே நோயாக மாறும் வாய்ப்பைக் கால் பங்குக்கு மேல் குறைத்தன. அத்தைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியாவது அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும். இதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை, அதுவும் சிரமம்தான்.

பதிவு செய்பவர்கள் ஊசி போடும் காலை வேளையையே கேட்டு வாங்குங்கள். மற்ற நேரத்தில் வந்தால் ஊசி போடும் விதத்தை அவர்களால் பார்க்க முடியாது. குப்பியையும் சிரிஞ்சையும் அட்டைப்பெட்டியோடு எடுத்து வையுங்கள்.