மெல்லக் கனியும் காதலுக்கு எது: எக்ஸ்-ஃபைல்ஸா, ஃபார்ஸ்கேப்பா?

1993-ல் தொடங்கிய 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் மோல்டரும் ஸ்கல்லியும் எஃப்.பி.ஐ. அதிகாரிகள். வேற்றுக்கிரகவாசிகள் போன்ற மர்மங்களை மோல்டர் நம்புவான், ஸ்கல்லி ஆதாரம் கேட்பாள். நிஜமான முதல் முத்தத்துக்கு ஏழாவது சீசன் வரை காத்திருக்க வேண்டும்.

சாகசமும் மாயமும் சேர்ந்து வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது 1999-ல் வந்த 'ஃபார்ஸ்கேப்'. புழுத்துளை (விண்வெளியில் தொலைதூர இடங்களை இணைக்கும் குறுக்குவழி) வழியே எங்கோ தூக்கியெறியப்பட்ட விண்வெளி வீரன் கிரைட்டன். அவனோடு பழகியதாலேயே கறைபட்டவள் என்று சொந்தப் படை ஒதுக்கிய ஏரின். அவர்களுக்கு வீடு, மோயா என்ற உயிருள்ள கப்பல். நடுவே மந்திரவாதிகூட வருகிறான்! கட்டளைக்குக் கீழ்ப்படிய மட்டுமே வளர்க்கப்பட்ட ஏரின், அன்பு என்றால் என்னவென்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்வதுதான் கதையின் உயிர். எக்ஸ்-ஃபைல்ஸில் காதலைத் தள்ளிப்போடுகிறார்கள். இங்கே அது வளர்கிறது.

நான்கு சீசனோடு நிறுத்திவிடாதீர்கள். 2004-ல் வந்த குறுந்தொடரில்தான் அவர்கள் கல்யாணம்.